ராக்காவலும் வார்டும்: வாசகர் கேள்வி–பதில்

இடைக்கால இங்கிலாந்தில் ஊரைக் காத்தவர்கள் யார், அவர்களுக்கு என்னென்ன பெயர், எந்தப் பெயருக்கு என்ன வேலை என்று வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

1340ஆம் ஆண்டில் ஓர் ஆங்கிலேய நகரத்தில் நடக்கும் சரித்திர நாவல் எழுதுகிறேன். இரவில் ஊருக்குள் நுழையும் அந்நியனை மடக்குவது யார்? போலீஸ் என்று எழுதலாமா? சென்ட்ரி சரியாக இருக்குமா? (திருச்சி வாசகர்)

இரண்டும் வேண்டாம். போலீஸ் என்ற சொல் இன்றைய பொருளில் ஆங்கிலத்துக்கு வந்தது 18ஆம் நூற்றாண்டில்தான். சென்டினல் 16ஆம் நூற்றாண்டிலும், சென்ட்ரி, பேட்ரோல் ஆகியவை 17ஆம் நூற்றாண்டிலும் வந்தவை. உங்கள் கதையில் அவனை மடக்கப்போவது 'வாட்ச்'. கையில் கட்டும் கடிகாரம் நினைவுக்கு வரும் என்பதால் தமிழில் 'ராக்காவல்' என்று எழுதிவிடுங்கள். முதல் தடவை மட்டும் 'வாட்ச் எனப்பட்ட ராக்காவல்' என்று சொல்லிவிட்டால் போதும்.

இந்த ராக்காவலில் நின்றவர்கள் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள் அல்லர். ஊரில் வீடு வைத்திருந்தவர்கள் முறை வைத்துக்கொண்டு நின்றார்கள். பகலில் செருப்புத் தைப்பவரும் ரொட்டி சுடுபவரும் தங்கள் முறை வந்த இரவில் காவல்காரர்கள். நாவலாசிரியர் பலர் கோட்டைவிடும் இடம் இது. சீருடை போட்ட, பயிற்சி பெற்ற காவலர் கூட்டத்தை நகரத் தெருவில் நடமாட விடாதீர்கள்.

எண்ணிக்கையும் நேரமும் முதலாம் எட்வர்டு காலத்தில், 1285இல் வந்த வின்செஸ்டர் சட்டத்தில் இருக்கின்றன. உங்கள் 1340க்கும் அதுவே பொருந்தும். பெருநகரமானால் ஒவ்வொரு கோட்டை வாசலுக்கும் 6 பேர். பரோ எனப்படும் சாசனம் பெற்ற ஊருக்கு 12 பேர். சாதாரண ஊருக்கு ஆள்தொகையைப் பார்த்து 6 பேரோ 4 பேரோ. சூரியன் மறைந்ததும் மதில் கதவுகளை அடைத்துவிட வேண்டும், விடியும்வரை திறக்கக் கூடாது. இரவில் வழியே போகும் அந்நியரைப் பிடித்து விடியும்வரை வைத்திருக்க வேண்டும். காலையில் சந்தேகம் ஏதும் இல்லையென்றால் விட்டுவிடலாம், இருந்தால் மாவட்டத்தில் அரசரின் அதிகாரியான ஷெரீஃபிடம் ஒப்படைக்க வேண்டும். பிடிக்கு அடங்காமல் ஓடினால் கூக்குரல் எழுப்பி ஊர் ஊராகத் துரத்த வேண்டும்.

இதில் கதைக்காரர் கவனிக்க வேண்டிய ஒன்று, காலம். சட்டம் கட்டாயமாக்கிய ராக்காவல், ஏசுவின் விண்ணேற்றத் திருநாளில் தொடங்கி செப்டம்பர் 29, புனித மிக்கேல் திருநாள் வரைதான். அதாவது கோடைக்காலம். சின்ன ஊரில் ஜனவரி மாதக் குளிரில் வாசலுக்கு 6 பேரை நிறுத்தினீர்கள் என்றால் விவரம் தெரிந்தவர் புருவத்தை உயர்த்துவார். லண்டன் கணக்கு வேறு. அங்கே நகரத்தின் சொந்த விதிகள் இருந்தன, கிறிஸ்துமஸ் நாட்களுக்கென்றே தனியாகக் காவல் போட்டார்கள்.

ஆயுதம் எல்லோருக்கும் ஒன்றல்ல. 15 வயதிலிருந்து 60 வயதுவரை உள்ள ஒவ்வோர் ஆணும் தன் சொத்துக்குத் தக்கபடி ஆயுதம் வைத்திருக்க வேண்டும் என்பது அதே சட்டம். ஆண்டுக்கு 15 பவுண்டு வருமானம் தரும் நிலமோ 40 மார்க் மதிப்புள்ள பொருளோ உடையவர் இரும்பு வளையச் சட்டை, இரும்புத் தலைக்கவசம், வாள், கத்தி, குதிரை ஆகியவற்றை வைத்திருக்க வேண்டும். (ஒரு மார்க் என்பது 13 ஷில்லிங் 4 பென்னி.) நிலம் 40 ஷில்லிங்கிலிருந்து 100 ஷில்லிங் வரை என்றால் வாள், வில், அம்பு, கத்தி. அதற்கும் கீழே இருப்பவருக்கு வெட்டரிவாளும் கம்பில் செருகிய அலகும் கத்தியும் போதும். ஆகவே வாசலில் நிற்கும் அறுவரும் ஆறு விதமாக இருப்பார்கள். ஒருவர் தலையில் கவசம் இருக்கும், பக்கத்தில் நிற்பவர் தலையில் வெறும் துணிக்குல்லாய் இருக்கும்.

வார்டு, கார்டு இரண்டும் ஒன்றுதான் என்கிறார்களே, உண்மையா? அப்படியானால் எதை எப்போது பயன்படுத்துவது? (கோவை வாசகி)

உண்மைதான். காத்தல், கண்காணித்தல் என்ற பொருளுடைய ஒரே ஜெர்மானிய வேர்தான் இரண்டுக்கும் மூலம். அந்த வேர் பிரான்சுக்குள் போனபோது வடக்கே, நார்மண்டிப் பக்கம், 'வ' ஒலி அப்படியே நின்றது. பாரிஸ் பக்கம் அது 'க' ஒலியாக மாறியது. 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்கள் 'வ' வடிவங்களோடு வந்தார்கள். பின்னால் பாரிஸ் பிரெஞ்சின் செல்வாக்கில் 'க' வடிவங்களும் வந்து சேர்ந்தன. வார்டன்–கார்டியன், வாரன்டி–கேரன்டி, ரிவார்டு–ரிகார்டு என்று ஜோடி ஜோடியாக ஆங்கிலத்தில் இருப்பது இதனால்தான். துணி வைக்கும் வார்ட்ரோபுக்கும் கோட்டைகளில் கழிப்பறையைக் குறித்த கார்ட்ரோபுக்கும் இதே உறவு.

இவற்றுக்கெல்லாம் முன்பே பழைய ஆங்கிலத்தில் 'வெயார்டு' என்ற சொந்தச் சொல் இருந்தது. லார்டு என்று இன்று சொல்வது அதன் வழிவந்ததுதான். 'ரொட்டியைக் காப்பவர்' என்று பொருள்படும் கூட்டுச்சொல் தேய்ந்து தேய்ந்து அப்படி ஆனது. ஸ்டூவர்டு என்பது மாளிகையைக் காப்பவர்.

எதை எப்போது எழுதுவது என்றால், காவலாள் என்ற பொருளில் 'கார்டு' ஆங்கிலத்தில் வழங்குவது 15ஆம் நூற்றாண்டிலிருந்துதான். 1300களில் நடக்கும் கதைக்கு வார்டு, வார்டன், வாட்ச் என்பவையே பொருத்தம். சட்ட ஆவணங்களில் 'வாட்ச் அண்டு வார்டு' என்று சேர்ந்து வரும். சட்ட அறிஞர்கள் வாட்ச் என்றால் இரவுக் காவல், வார்டு என்றால் பகல் காவல் என்று பிரித்துச் சொல்வார்கள்.

லண்டன் கோபுரத்தில் நிற்கும் சிவப்பு உடைக்காரர்கள் வார்டர்களா, கார்டுகளா? (புதுச்சேரி வாசகர்)

அவர்கள் யோமன் வார்டர்கள். யோமன் ஆஃப் த கார்டு என்பது வேறு படை, ஏழாம் ஹென்றி 1485இல் அமைத்த அரசரின் மெய்க்காவல். விசேஷ நாட்களில் இரு தரப்பாரும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிவப்பு உடை போடுவதால் குழப்பம் வருகிறது. மார்பின் குறுக்கே தோளிலிருந்து இறங்கும் பட்டை இருந்தால் அரசரின் மெய்க்காவலர், இல்லாவிட்டால் கோபுரத்து வார்டர். அந்தப் பட்டை ஒரு காலத்தில் துப்பாக்கியைத் தாங்குவதற்காகப் போட்டது.

கான்ஸ்டபிள் என்ற பதவி அப்போதே இருந்ததா? நம் ஊர் போலீஸ் கான்ஸ்டபிள் மாதிரிதானா? (ஈரோடு வாசகர்)

பெயர் அதேதான், வேலை வேறு. சொல்லின் பூர்வீகம் ரோமப் பேரரசின் பிற்காலத்து லத்தீன். 'குதிரை லாயத்தின் தலைவர்' என்று பொருள். அரசவையில் பெரிய பதவியாக இருந்த பெயர், கோட்டைத் தலைவருக்கும் ஆகி, 13ஆம் நூற்றாண்டில் கிராமம்வரை இறங்கிவந்தது. 1252ஆம் ஆண்டின் ஆணையில் ஊர்க் கான்ஸ்டபிள்களைப் பற்றிய பேச்சு இருக்கிறது. வின்செஸ்டர் சட்டம் ஹண்ட்ரட் எனப்படும் ஒவ்வொரு வட்டத்துக்கும் இரண்டு கான்ஸ்டபிள்களை நியமித்து, ஆண்டுக்கு இருமுறை ஊராரின் ஆயுதங்களைப் பார்வையிடச் சொன்னது.

ஊர்க் கான்ஸ்டபிள் ஊரிலேயே வீடுள்ளவர், வழக்கமாக ஓராண்டுக்குப் பொறுப்பில் இருப்பார். சம்பளம் கிடையாது. ராக்காவலுக்கு யார் முறை என்று சொல்வது, பிடிபட்டவனை அடைத்துவைப்பது, குற்றங்களை நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்வது ஆகியவை அவர் தலையில். 1351இல் வந்த தொழிலாளர் சட்டம் ஒவ்வோர் ஊரிலும் தொழுமரம் செய்து வைக்கச் சொன்னது. காலை மாட்டிப் பூட்டும் அந்த மரச்சட்டம் கான்ஸ்டபிளின் காட்சிக்கு நல்ல பொருள், உங்களில் கதை எழுதுபவர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கூக்குரல் முறையையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். திருட்டையோ பிணத்தையோ கண்டவர் உரக்கக் கத்த வேண்டும், கொம்பு இருந்தால் ஊத வேண்டும். கேட்டவர்கள் கைவேலையைப் போட்டுவிட்டு ஆயுதத்தோடு துரத்த வேண்டும். எல்லை வந்ததும் அடுத்த ஊர்க்காரர் தொடர வேண்டும். கேட்டும் வராதவருக்கு அபராதம். காரணமில்லாமல் கூச்சலிட்டவருக்கும் அபராதம். திருடன் கிடைக்காவிட்டால் அந்த ஹண்ட்ரட் முழுவதுமே பறிகொடுத்தவருக்குப் பதில் சொல்ல வேண்டும். பெருவழிகளில் சந்தை ஊர்களுக்கு இடையே சாலையின் இரு பக்கமும் 200 அடிக்குப் புதரும் பள்ளமும் இல்லாமல் வெட்டித் திருத்தச் சொன்னதும் இதே சட்டம்தான், திருடன் ஒளிய இடம் இருக்கக் கூடாதென்று. ஓக் மரங்களையும் பெரிய மரங்களையும் மட்டும் விட்டுவைக்கலாம்.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் அதன் உள்ளேயே இருந்தது. பகலெல்லாம் உழைத்தவரை இரவில் கண் விழிக்கச் சொன்னால் எத்தனை நாள் ஒழுங்காக நிற்பார்? வசதி உள்ளவர்கள் காசு கொடுத்து மாற்றாளை அனுப்பினார்கள். குறைந்த காசுக்கு வருபவர்கள் வேறு வேலைக்கு லாயக்கற்றவர்களாகவும் வயதானவர்களாகவும் இருந்தார்கள். பிற்கால ஆங்கில நாடகங்களில் ராக்காவலர் கேலிப் பாத்திரமாகிப் போனதற்கு இதுவே காரணம் என்பது எங்கள் கருத்து.

நம் மாநகராட்சி வார்டும் லண்டன் வார்டும் ஒன்றா? வார்டில் யார் யார் அதிகாரிகள், என்ன செய்தார்கள்? (சென்னை வாசகி)

விரிவாகச் சொல்ல வேண்டிய கேள்வி. வார்டு என்பது முதலில் காவல், பிறகு அந்தக் காவலுக்குப் பொறுப்பான ஆட்கள், பிறகு அவர்கள் காக்கும் பகுதி. நம் நகராட்சிகளில் வழங்கும் வார்டு அந்த மூன்றாவது பொருளில் ஆங்கிலேய ஆட்சி கொண்டுவந்தது. சென்னை மாநகராட்சியில் இன்று 200 வார்டுகள். பழைய லண்டனுக்கு, ஏறத்தாழ ஒரு சதுர மைல் பரப்புக்கு, முதலில் 24 வார்டுகள் இருந்தன. 1394இல் ஃபாரிங்டன் வார்டை மதிலுக்கு உள்ளே, வெளியே என இரண்டாகப் பிரித்ததில் 25 ஆனது. இன்றும் 25தான்.

வார்டின் தலைவர் ஆல்டர்மேன். மூத்தவர் என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல். அவருக்குக் கீழே வேலையை நடத்துபவர் பீடில். அறிவிப்புச் சொல்வதும் ஆட்களைக் கூட்டுவதும் சந்தேகப்பட்டவர் வார்டில் தங்காமல் பார்த்துக்கொள்வதும் இவர் வேலை. ஆல்டர்மேன் ஆணையிட்டால் பீடில் வீடு வீடாகச் சொல்லி வார்டுமோட் என்ற கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பார். கான்ஸ்டபிள், ஸ்கேவெஞ்சர், ஏல்கானர் ஆகியோரைத் தேர்ந்தெடுப்பது அந்தக் கூட்டத்தில்தான். தெருவில் பன்றி திரிகிறதா, யார் வீட்டு அடுப்பு தீப்பிடிக்கும் நிலையில் இருக்கிறது, கர்ஃபியூ மணிக்குப் பிறகு யார் கடை திறந்திருக்கிறது என்பதெல்லாம் அங்கே சொல்லப்படும்.

ஸ்கேவெஞ்சர் என்றதும் குப்பை பொறுக்குபவர் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். அவர் முதலில் வெளியூர் வணிகர் விற்பனைக்குக் காட்டும் சரக்கைப் பார்வையிட்டு வரி வாங்கியவர். பிறகு தெருவைக் கண்காணிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அவர் எடுத்த உறுதிமொழியில் இருப்பவை: தளவரிசை ஒழுங்காகச் செப்பனிடப்பட வேண்டும், அண்டை வீட்டாருக்குத் தொல்லையாக உயரமாகப் போட்டுவிடக் கூடாது, தெருவும் சந்தும் சாணமும் அழுக்கும் இல்லாமல் இருக்க வேண்டும், புகைபோக்கியும் உலையும் கல்லால் கட்டப்பட்டிருக்க வேண்டும். கையில் வாரியெடுத்துச் சுத்தம் செய்தவர் ரேக்கர் என்ற வேறொருவர். தமிழில் ஸ்கேவெஞ்சரைத் 'தெருக் கண்காணி' என்றும் ரேக்கரைத் 'துப்புரவாள்' என்றும் எழுதலாம்.

ஏல்கானர் என்பவர் பியர் வகையான ஏலைச் சுவைத்து விலையும் அளவும் சரியா என்று பார்ப்பவர். முதல்தரம் ஒரு கேலனுக்கு ஒன்றரைப் பென்னி, இரண்டாந்தரம் ஒரு பென்னி, இதற்கு மேல் விற்கிறவர்களைச் சொல்லிவிட வேண்டும் என்பது அவர் உறுதிமொழி.

வார்டின் காவல் என்றால் திருடனிடமிருந்து மட்டுமில்லை, தீயிடமிருந்தும்தான். லண்டன் நகரச் செயலர் ஜான் கார்ப்பென்டர் 1419இல் தொகுத்த 'வெள்ளைப் புத்தகம்' என்ற விதித்தொகுப்பு இதைக் கச்சிதமாகச் சொல்கிறது. ஒவ்வொரு வார்டும் மரப்பிடி போட்ட வலுவான இரும்புக் கொக்கி ஒன்று, சங்கிலி இரண்டு, உறுதியான கயிறு இரண்டு வைத்திருக்க வேண்டும். பீடிலிடம் நன்றாகச் சத்தம் கேட்கும் கொம்பு ஒன்று இருக்க வேண்டும். பெரிய வீட்டுக்காரர்கள் ஏணி ஒன்றோ இரண்டோ வைத்திருக்க வேண்டும். மே, ஜூன் வாக்கில் வரும் பெந்தெகொஸ்தே திருநாளிலிருந்து ஆகஸ்ட் 24, பர்த்தலோமியு திருநாள் வரை வாசலில் பீப்பாய் நிறையத் தண்ணீர் நிற்க வேண்டும். கொக்கியும் சங்கிலியும் எதற்கு? எரியும் வீட்டை அணைக்க அல்ல, இழுத்துத் தள்ளுவதற்கு. அன்றைக்கு இருந்த வாளித் தண்ணீரால் பற்றிக்கொண்ட மரவீட்டைக் காப்பாற்ற முடியாது. கொக்கியைக் கூரைச் சட்டத்தில் மாட்டி ஆட்கள் சேர்ந்து இழுத்து இடித்துவிட்டால் அடுத்த வீடாவது தப்பும்.

ராக்காவலர்கள் குழல் ஊதினார்கள் என்று படித்தேன். திருடனை எச்சரித்து ஓடவிடும் வேலையல்லவா அது? (நாகர்கோவில் வாசகர்)

நீங்கள் படித்தது வெய்ட் என்பவர்களைப் பற்றி. காவல் காத்தல் என்ற பொருளுடைய வட பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர். நான்காம் எட்வர்டின் அரண்மனை விதிப்புத்தகம், 1470களின் தொடக்கத்தில் எழுதியது, வெய்ட்டின் வேலையை இப்படி வகுக்கிறது: புனித மிக்கேல் திருநாளிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் வரை, அதாவது நீண்ட இரவுக் காலத்தில், இரவுக்கு 4 தடவை குழல் ஊத வேண்டும், கோடை இரவில் 3 தடவை. ஒவ்வோர் அறை வாசலிலும் போய்த் தீயும் திருடரும் இல்லையா என்று பார்க்க வேண்டும்.

குழல் திருடனுக்காக ஊதியதல்ல. கடிகாரம் அரிதாக இருந்த காலத்தில் இரவு எவ்வளவு கழிந்தது என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்தது அதனால்தான். காவல்காரர் தூங்கிவிடவில்லை என்பதற்கும் அது சாட்சி. நகரங்களும் இப்படி வெய்ட்களை வைத்திருந்தன. நாளடைவில் காவல் பின்னுக்குப் போய் வாத்தியம் முன்னுக்கு வந்தது. விழாக்களில் வாசிக்கும் நகர இசைக்குழுவாக மாறினார்கள். 1835ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டத்தோடு அந்த வேலை முடிந்தது.

யார்க்ஷையரில் ரிப்பன் என்ற ஊர் இருக்கிறது. அங்கே முன்பு ஊர்த்தலைவர் பெயரே வேக்மேன், விழித்திருப்பவர். ஒரு வாசல் உள்ள வீடு ஆண்டுக்கு 2 பென்னி, பின்வாசலும் இருந்தால் 4 பென்னி செலுத்தும்; இரவில் கொம்பு ஊதிய பிறகு திருட்டுப் போனால் வேக்மேன் ஈடு கொடுக்க வேண்டும். வாசலுக்குத் தக்க கட்டணம் வாங்கும் காப்பீட்டுத் திட்டம்தான் அது. 1604இல் வந்த சாசனம் வேக்மேனை மேயராக்கியது. கடைசி வேக்மேனாக இருந்த ஹியூ ரிப்லியே முதல் மேயர். இன்றும் இரவு 9 மணிக்குச் சந்தைச் சதுக்கத்தில் கொம்பு ஊதுகிறார்கள். "கர்த்தர் நகரத்தைக் காவாராகில் காவலாளர் விழித்திருக்கிறது விருதா" என்ற 127ஆம் சங்கீதத்தின் வரி, காவலாளர் வரும் இடத்தில் வேக்மேன் என்ற சொல்லோடு அவ்வூர் நகர மண்டபத்தின் முகப்பில் இருக்கிறது.

இருட்டில் எந்த விளக்கு? பிடித்தவர்களை எங்கே அடைத்தார்கள்? (மதுரை வாசகர்)

கைவிளக்கும் பந்தமும்தான். ஊர்வலத்துக்கும் பெருங்காவலுக்கும் கிரெசெட் இருந்தது, நீண்ட கழியின் முனையில் இரும்புக் கூடை, அதற்குள் வெறும் கயிறோ பிசின் தோய்த்த கயிறோ எரியும். லண்டனில் நடுக்கோடை இரவு நடந்த 'அணிவகுப்புக் காவல்' எப்படி இருந்தது என்று வரலாற்றாசிரியர் ஜான் ஸ்டோ கணக்கே எழுதிவைத்திருக்கிறார். சுமார் 2,000 பேர் அணியில் நடந்தார்கள். கிரெசெட்கள் 700, அதில் 500 வணிகர், கைவினைஞர் குழுமங்கள் கொடுத்தவை, 200 நகரக் கருவூலம் கொடுத்தவை. இது போகக் கான்ஸ்டபிள்கள் 240 பேருக்கும் மேல், ஆளுக்கொரு கிரெசெட். ஒவ்வொன்றுக்கும் இருவர், ஒருவர் தூக்கிப் பிடிக்க, மற்றவர் எரிபொருள் பையைச் சுமந்து அவ்வப்போது போட. ஒரு கிரெசெட்டின் ஒளிக்கு மட்டும் 2 ஷில்லிங் 4 பென்னி செலவு. தூக்கியவர்களுக்குக் கூலியோடு சின்னம் வரைந்த வைக்கோல் தொப்பியும் காலைச் சாப்பாடும் உண்டு. செலவைக் காரணம் காட்டி எட்டாம் ஹென்றி 1539இல் இதை நிறுத்தினார்.

தெருவிளக்கைப் பொறுத்தவரை, 1417இல் மேயர் ஹென்றி பார்ட்டன் நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை வீட்டு வாசலில் விளக்குத் தொங்கவிட உத்தரவிட்டார்.

இரவில் திரிந்து பிடிபட்டவர்களுக்கு கார்ன்ஹில் தெருவில் 1282இல் கட்டிய டன் என்ற சிறை இருந்தது. டன் என்றால் பெரிய பீப்பாய். கட்டடம் அந்த உருவம். 1401இல் அது தண்ணீர்த் தொட்டியாக மாற்றப்பட்டது. மதில் வாசல்களில் நியூகேட்டும் லட்கேட்டும் சிறைகளாகவே இருந்தன. ஆல்ட்கேட் வாசலின் மேலறைகளைக் கவிஞர் ஜெஃப்ரி சாசர் 1374இல் குடியிருக்க எடுத்தார், அதைச் சிறையாக்கமாட்டோம் என்று நகரம் ஒப்பந்தத்தில் எழுதிக்கொடுத்தது. 1381 ஜூனில் கிளர்ச்சி செய்த விவசாயிகளில் எசெக்ஸ் பக்கத்தவர் லண்டனுக்குள் நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான்.

சென்னையில் ஆல்டர்மேன் இருந்தார்கள் என்பது சரியா? (தாம்பரம் வாசகர்)

சரி. 1687 டிசம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனி தந்த சாசனத்தின்படி சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பர் 29 அன்று தொடங்கியது. மேயர் ஒருவர், ஆல்டர்மேன்கள் 12 பேர், பர்ஜஸ் எனப்படும் உறுப்பினர் 60 பேர். ஆங்கிலேயர் மட்டுமின்றிப் போர்த்துகீசியரும் யூதரும் இந்துக்களும் ஆல்டர்மேன்களாக இருந்தார்கள். தேதியைப் பாருங்கள், அதே புனித மிக்கேல் திருநாள். இங்கிலாந்தில் கணக்கு முடிப்பதற்கும் நகரப் பதவிகள் கைமாறுவதற்கும் வழக்கமான நாள் அது.

இந்தப் பதவிகள் ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்களாக இருக்கின்றனவா? (சேலம் வாசகி)

நிறைய. வார்டு, வெய்ட், வேக்மேன், கான்ஸ்டபிள், சார்ஜென்ட், போர்ட்டர், ரீவ், பெய்லி எல்லாமே ஒரு காலத்தில் வேலைப் பெயர்கள். உட்வார்டு காட்டைக் காத்தவர். ஹேவார்டு வேலியைக் காத்தவர். விளைந்த வயலில் மாடு புகுந்தால் கொம்பு ஊதி, மாட்டைப் பட்டியில் அடைப்பார். ஸ்காட்லாந்து அரசரின் பெரிய ஸ்டூவர்டாக இருந்த குடும்பம் 1371இல் அரசுரிமைக்கே வந்து ஸ்டூவர்ட் வம்சம் ஆனது.

கேட்ச்போல் என்பது யார்? அகராதியில் 'அமீனா' என்று இருக்கிறது. (தஞ்சாவூர் வாசகர்)

அமீனா நல்ல மொழிபெயர்ப்பு. கடனாளியைப் பிடிக்கும் கீழ்நிலைச் சேவகர் அவர். இடைக்கால லத்தீனில் அந்தப் பெயருக்குக் கோழி துரத்துபவர் என்று பொருள். ஊரார் வெறுப்போடு சொன்ன பெயர், ஆகவே மரியாதையான இடத்தில் சார்ஜென்ட் என்று எழுதுங்கள். லண்டனில் ஷெரீஃபுகள் இருவருக்கும் கீழே செங்கோல் பிடித்த சார்ஜென்ட்கள் இருந்தார்கள், கடனுக்காகக் கைது செய்வதும் அவர்கள் வேலைதான். கடைக்காரர் ஒருவர் உங்கள் கதையில் அவரை முகத்துக்கு நேரே கூப்பிடும்போது சார்ஜென்ட், அவர் தெருமுனை திரும்பியதும் கேட்ச்போல்.